எதிராளி இல்லாத ஊரில் ஒரு செஸ் பெட்டி

தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவ கிராமத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வயது மகள் பள்ளி அளவில் செஸ் ஆடுகிறாள். குவைத்திலிருந்து ஊருக்கு வந்த தாய்மாமன் பழைய மின்னணு செஸ் கணினி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதோடு ஆடிப் பழகினால் ஆட்டம் வளருமா, எந்த லெவலில் வைக்க வேண்டும், இதற்குப் போனே போதாதா என்பவை உங்கள் கேள்விகள். நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: இங்கே அவளோடு ஆட ஆள் இல்லை, ராமநாதபுரம் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடுகிறது. எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. ஆள் இல்லாத இடத்தில் இந்தப் பெட்டி ஆளாகுமா என்று கேட்கிறீர்கள். பாதி ஆளாகும். எந்தப் பாதி என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மண்டபம் பக்கம் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நான் மாவட்ட அளவைத் தாண்டி ஆடியவனில்லை. என் பிள்ளைகளில் நன்றாக வந்தவர்கள்கூட 1700 ரேட்டிங்கை, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணை, ஒட்டி நின்றவர்கள்தான். ஆகவே தொடக்க நிலையிலிருந்து அந்த உயரம் வரைக்கும் என் பேச்சை நம்பலாம். அதற்கு மேலே போகிற பிள்ளைக்கு வேறு குரு வேண்டும். மின்னணு செஸ் பெட்டிகளோடு மட்டும் எனக்குப் பழக்கம் கொஞ்சம் அதிகம். கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரண்களில் இவை கிடக்கும். பிள்ளைகள் ஆடுவதை நிறுத்தியதும் நம்மிடம் வந்து சேரும். அப்படி ஐந்தாறு பெட்டிகள் என் கையில் வந்து போயிருக்கின்றன.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. கடையில் வாங்கும்படியான செஸ் கணினி 1977-இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட செஸ் சேலஞ்சரில் தொடங்குகிறது. பிறகு மியூனிக்கிலிருந்து மெஃபிஸ்டோ, ஹாங்காங்கிலிருந்து நோவாக், சாய்டெக் என்று வரிசையாக வந்தன. சாய்டெக் தன் பெட்டிகளில் உலகச் சாம்பியன் காஸ்பரோவின் பெயரைப் பொறித்து விற்றது. உங்களிடம் இருப்பதும் அந்தக் குடும்பத்தில் ஒன்றாக இருக்கலாம். எதுவானாலும் வேலை ஒன்றுதான். நான் இதை ஆடினால் அவன் அதை ஆடுவான், அதற்கு நான் இதை ஆடுவேன் என்று முன்னால் ஓடிப் பார்த்து, ஓட்டத்தின் முடிவில் காய்களைக் கூட்டிக் கழித்து மதிப்பெண் போடுகிறது. சிப்பாய்க்கு 1, குதிரைக்கும் பிஷப்புக்கும் 3, யானைக்கு 5, ராணிக்கு 9 என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிற அதே கணக்கு. கூடவே ராஜாவின் பாதுகாப்பு, சிப்பாய்களின் அமைப்பு போன்றவற்றுக்குச் சில்லறைப் புள்ளிகள். அந்தக் காலத்து எட்டு பிட் பெட்டிகள் நொடிக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் நிலைகளைப் பார்த்தன. 1997-இல் காஸ்பரோவை வென்ற ஐபிஎம் கணினி டீப் ப்ளூ நொடிக்கு இருபது கோடி நிலைகளைப் பார்த்தது. உங்கள் போனில் இலவசமாக இறங்குகிற ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரல், காஸ்பரோவை மட்டுமல்ல, டீப் ப்ளூவையும் வெல்லக்கூடியது. ஆகவே பலத்தைப் பொறுத்தவரை போனோடு ஒப்பிட்டால் மாமா கொண்டுவந்த பெட்டி ஒரு கைக்குழந்தை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது குறையே இல்லை.

அந்தப் பெட்டிக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கடற்கரையில் நின்று பார்க்கிறவருக்குத் தொடுவானம் ஐந்து கிலோமீட்டருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் நிற்கிற வள்ளம் கண்ணுக்குத் தெரியாது. கணினியும் அப்படித்தான். ஐந்து நகர்த்தல் தூரம் பார்க்கிற கணினிக்கு ஆறாவது நகர்த்தலில் காத்திருக்கும் கேடு கிடையவே கிடையாது. ஹான்ஸ் பெர்லினர் என்ற ஆய்வாளர் 1973-இல் இதற்குத் தொடுவான விளைவு என்றே பெயர் வைத்தார். அவர் அஞ்சல்வழிச் செஸ்ஸில் உலகச் சாம்பியனாக இருந்தவர். பலகையில் இப்படி நடக்கும் (நெடுவரிசைக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, குறுக்கு வரிசைக்கு 1 முதல் 8 வரை எண்): வெள்ளைப் பிஷப் ஏ7-இல் தனியாக நிற்கும் சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பு, சி7 சிப்பாயின் காவலில் பி7 சிப்பாயை பி6-க்கு ஒரு கட்டம் தள்ளுகிறது. கதவு மூடிவிட்டது. வெள்ளைக்கு ஏ வரிசையில் உதவிக்கு வரச் சிப்பாய் இல்லையென்றால், டி7-இல் நிற்கும் கறுப்பு ராஜா சி8, பி7 என்று நிதானமாக நடந்து வந்து பிஷப்பை எடுத்துக்கொள்ளும். இரு பக்க நகர்த்தல்களையும் எண்ணினால் பிஷப் விழுவது எட்டாவதில். நான்கு ஐந்து வரை மட்டும் பார்க்கும் பெட்டிக்கு ஒரு சிப்பாய் சும்மா கிடைத்தது என்றுதான் தெரியும். மகளுக்கு இந்தப் பொறியைக் காட்டுங்கள். கணினியை வீழ்த்துவதற்காக அல்ல. மனிதர்களும் இதே குழியில் விழுகிறார்கள் என்பதற்காக. 1972-இல் ரெய்க்யவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், ஸ்பாஸ்கிக்கு எதிரான முதல் ஆட்டத்தில், அந்தப் போட்டியை வென்று சாம்பியனான ஃபிஷரே 29-வது நகர்த்தலில் பிஷப்பால் ஹெச்2 சிப்பாயை வெட்டி, ஜி3 என்ற பதிலில் மாட்டி, ஆட்டத்தைத் தோற்றார்.

இனி லெவல். பெற்றோர்கள் தவறுகிற இடம் இதுதான். முதல் லெவலில் வைத்து, பிள்ளை ஜெயித்ததும் இரண்டு, பிறகு மூன்று என்று படி ஏறுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் பல பெட்டிகளில் எளிய லெவல்கள் நேர்மையான லெவல்கள் அல்ல. வேண்டுமென்றே நடுநடுவே ஒரு மோசமான நகர்த்தலை ஆடும்படி அவற்றை அமைத்திருப்பார்கள். பத்து நகர்த்தல் வாத்தியார் போல ஆடும். பதினோராவதில் ராணியைத் தூக்கி உங்கள் சிப்பாய்க்கு முன்னால் வைக்கும். இதோடு பழகுகிற பிள்ளை யோசிப்பதை விட்டுவிட்டு அன்பளிப்புக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. போட்டியில் எதிரே உட்காரும் பிள்ளை அப்படிக் கொடுப்பதில்லை. உங்கள் பெட்டியில் இத்தனை நகர்த்தல் ஆழம் மட்டும் பார் என்று நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு நகர்த்தல் ஆழம் பார்க்கிற கணினி எதையும் சும்மா கொடுக்காது. ஆனால் ஒரு குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் தாக்குகிற ஃபோர்க் போன்றவை கொஞ்சம் தள்ளி இருந்தால் அதில் விழும். அதாவது, பிள்ளை கண்டுபிடித்தால் மட்டுமே வெற்றி. அந்த வசதி இல்லையென்றால் ஒரு நகர்த்தலுக்கு ஐந்து நொடி, பத்து நொடி என்று நேரத்தைக் குறைத்து வையுங்கள். அதில் வருகிற தவறுகள் ஓரளவு இயல்பாக இருக்கும்.

எவ்வளவு தோற்கலாம் என்று கேட்பீர்கள். பத்து ஆட்டத்தில் மூன்று, நான்கு புள்ளி எடுக்கிற இடத்தில் லெவலை நிறுத்துவது என் வழக்கம். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் எதையும் நான் காட்டப் போவதில்லை. பிள்ளைகள் சோர்ந்து பலகையை மூடுகிற இடத்தையும், சலித்துப்போய் விளையாட்டாக ஆடுகிற இடத்தையும் பார்த்துப் பார்த்துப் பிடித்த கணக்கு அது. உங்கள் மகளின் சுபாவம் எனக்குத் தெரியாது. தோல்வியில் முகம் வாடுகிற பிள்ளை என்றால் ஐந்தில் வையுங்கள். பெட்டியின் அட்டையில் 1800, 2000 என்று ரேட்டிங் அச்சிட்டிருந்தால் அதை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த லெவலை வென்ற பிள்ளை 1800 ஆட்டக்காரி ஆகிவிட மாட்டாள். 2024 மார்ச் முதல், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கின் அடிமட்டமே 1400. அதை வாங்குவதற்கே ரேட்டிங் உள்ள மனிதர்களோடு போட்டியில் ஆடிப் புள்ளி எடுத்தாக வேண்டும்.

ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். பாம்பன்காரன், சூட்டிகையானவன். என்னிடமிருந்து ஒரு பெட்டியை வாங்கிப் போனான். இரண்டு மாதம் கழித்து வந்து, ஆறாவது லெவலைத் தொடர்ந்து ஜெயிக்கிறேன் என்றான். ஆடிக் காட்டச் சொன்னேன். மளமளவென்று பத்தொன்பது நகர்த்தல், செக்மேட். இன்னொன்று ஆடச் சொன்னேன். அதே பத்தொன்பது நகர்த்தல். அந்தப் பெட்டி ஒரே நிலைக்கு ஒரே பதிலைத் தருகிற ரகம். அவன் ஒருமுறை வழியைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே தினமும் ஓதியிருக்கிறான். ராமநாதபுரத்தில் நடந்த போட்டிக்குப் போனபோது முதல் சுற்றிலேயே எதிராளி மூன்றாவது நகர்த்தலை மாற்றி ஆடிவிட்டான். ஆறு சுற்றில் ஒரு புள்ளியோடு பஸ் ஏறி வந்தான். தப்பு அவனுடையதல்ல, பெட்டியைக் கொடுத்தவன் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு நான் வைத்த விதி: ஜெயித்த ஆட்டத்தின் தொடக்கத்தை ஒரு வாரத்துக்குத் திரும்ப ஆடக் கூடாது, ஒரு நாள் வெள்ளை என்றால் மறுநாள் கறுப்பு. இன்னொரு தந்திரத்தையும் தடுத்துவிடுங்கள். கணினிக்கு எதிராகச் சிப்பாய்களை முட்டவிட்டுப் பலகையைப் பூட்டி, ஒன்றும் செய்யாமல் முன்னும் பின்னும் நகர்ந்தால் பழைய பெட்டிகள் குழம்பித் தாங்களாகவே கெடுத்துக்கொள்ளும். புள்ளி வரும், ஆட்டம் வராது.

அப்படியென்றால் பெட்டி எதற்குத்தான் நல்லது? அலுக்காமல் ஒரே பாடத்தை நூறு முறை ஆடும் எதிராளி வேண்டும் என்றால் அதைவிட நல்ல ஆள் உலகத்தில் கிடையாது. நிலையை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி எல்லா நல்ல பெட்டிகளிலும் இருக்கும். காய்களை விரும்பிய கட்டத்தில் வைத்து, யார் முறை என்று சொல்லிவிட்டு அங்கிருந்து ஆடலாம். இறுதிக்கட்டப் பயிற்சிக்கு இது பொக்கிஷம். ராஜாவும் யானையும் சேர்ந்து தனி ராஜாவை செக்மேட் செய்வதில் தொடங்குங்கள். எவ்வளவு மோசமான நிலையிலிருந்தும் சரியாக ஆடினால் 16 நகர்த்தலுக்குள் முடியும். ராணி என்றால் 10. உங்கள் மகள் முதலில் முப்பது எடுப்பாள். இருபதுக்குள் வரும்வரை தினமும் இரண்டு முறை ஆடட்டும். எந்த மனிதரையும் இதற்கு உட்கார வைக்க முடியாது, நானே ஓடிவிடுவேன்.

அடுத்து, ராஜாவும் ஒற்றைச் சிப்பாயும். வெள்ளை ராஜா இ5, வெள்ளைச் சிப்பாய் இ4, கறுப்பு ராஜா இ7. வேறு காய் எதுவும் இல்லை. இப்போது கறுப்பின் முறை என்றால் வெள்ளை ஜெயிக்கிறது. வெள்ளையின் முறை என்றால் ஆட்டம் டிரா. பலகையில் ஒன்றும் மாறவில்லை, முறை மட்டும் மாறியிருக்கிறது. இதைப் பார்த்து ஒரு பிள்ளையின் முகம் மாறுகிற தருணத்துக்காகத்தான் நான் இத்தனை வருடம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்லலாம். வெள்ளையின் முறையில் மகளைக் கறுப்பு பக்கம் உட்கார வையுங்கள். வெள்ளை ராஜா டி5, கறுப்பு ராஜா டி7; சிப்பாய் இ5, ராஜா இ7; சிப்பாய் இ6. இந்த இடத்தில் கறுப்பு ராஜா நேர் பின்னால் இ8-க்கு மட்டுமே போக வேண்டும். பிறகு வெள்ளை டி6 வந்தால் கறுப்பு டி8. சிப்பாய் இ7 செக், ராஜா இ8. சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6-க்கு வந்தால் கறுப்புக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை; அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. முன்பு இ8-க்குப் பதிலாக டி8 அல்லது எஃப்8 போயிருந்தால் தோல்வி. பெட்டி அமைதியாக அந்தத் தவறுக்குத் தண்டனை கொடுக்கும், திட்டாது. யானை இறுதிக்கட்டங்கள், ஒரு சிப்பாய் கூடுதலாக இருக்கும் நிலைகள் எல்லாம் இந்த வழியில்தான். அவற்றை அவள் இதை முடித்த பிறகு பார்க்கலாம்.

பயிற்சி என்று நான் சொல்வதில் பாதி, பெட்டியை அணைத்த பிறகுதான் தொடங்குகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தையும் எழுத வேண்டும். நகர்த்தலை ஆடி முடித்த பிறகுதான் எழுத வேண்டும். ஆடுவதற்கு முன்பே எழுதி வைப்பது ஃபிடே விதிப்படி போட்டியில் தவறு, அந்தப் பழக்கம் வீட்டிலேயே வந்துவிடக் கூடாது. தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்த்தலில் ஆட்டம் கையை விட்டுப் போனது என்று அவளே ஒரு வட்டம் போடட்டும். பக்கத்தில் ஒரே ஒரு வரி: ஏன் அப்படி ஆடினேன். என்னிடமிருந்த ஒரு மாணவியின் நோட்டில் இருபது ஆட்டங்களில் பதினொன்றில் ஒரே வரி இருந்தது: அவன் என்ன செய்யப் போகிறான் என்று பார்க்கவில்லை. அதை நான் வாயால் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஏறவில்லை. தன் கையெழுத்தில் பதினொரு முறை பார்த்ததும் ஏறியது. பின்வாங்கும் பொத்தானுக்கு, அதாவது ஆடியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொத்தானுக்கு, ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். நான் உண்மையிலேயே ஒட்டியிருக்கிறேன்.

பெட்டியோடு மட்டும் வளர்ந்த பிள்ளைக்குப் போட்டி அரங்கில் சில விஷயங்கள் புதிதாக இருக்கும். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது பெட்டிக்குத் தெரியாது. ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்தும் கேஸ்லிங் செய்யும்போது முதலில் ராஜாவைத் தொட வேண்டும், எல்லாம் ஒரே கையால். எந்தக் கையால் காயை நகர்த்தினாளோ அதே கையால் கடிகாரத்தை அழுத்த வேண்டும். விதிக்குப் புறம்பாக நகர்த்தினால் பெட்டி பீப் என்று கத்தும். அதனால் பெட்டியோடு பழகிய பிள்ளை எதிராளி தவறாக நகர்த்துவதைக் கவனிப்பதே இல்லை. நிதான ஆட்டத்தில் முதல் விதிமீறலுக்கு எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், இரண்டாவதில் ஆட்டமே போய்விடும். ஆனால் வேக ஆட்டங்களில் பிள்ளை அதைக் கவனிக்காமல் அடுத்த நகர்த்தலை ஆடிவிட்டு, நடுவரும் தலையிடாவிட்டால், தவறு தவறாகவே நின்றுவிடும். சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும் பெட்டி தானாக ராணி என்று எடுத்துக்கொள்ளலாம். போட்டியில் ராணியை எடுத்துக் கட்டத்தில் வைத்த பிறகே கடிகாரத்தைத் தொட வேண்டும். வீட்டில் செய்வதுபோல யானையைத் தலைகீழாக வைத்து ராணி என்று சொன்னால், அது யானையாகத்தான் கணக்கில் வரும். இவற்றை நீங்களே சொல்லிக்கொடுக்கலாம், செஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

போன் விஷயத்துக்கு வருகிறேன். லிசெஸ் போன்ற செஸ் இணையதளங்கள் இலவசம். உலகம் முழுவதும் மனித எதிராளிகள் கிடைப்பார்கள். எதிராளி இல்லாத ஊருக்கு அது பெரிய வரம், அதை மறுக்க மாட்டேன். ஆடி முடித்த ஆட்டத்தை ஸ்டாக்ஃபிஷிடம் காட்டித் தவறுகளைப் பார்ப்பதும் நல்லதே. ஆனால் வரிசை முக்கியம். முதலில் நோட்டில் அவளுடைய வட்டம், பிறகு போனின் தீர்ப்பு. தலைகீழாகச் செய்தால் அவள் எதையும் தேட மாட்டாள். 2024-இல் உலகச் சாம்பியனான குகேஷுக்குப் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஏறக்குறைய 2500 ரேட்டிங் வரும்வரை கணினி என்ஜின்களைக் கொடுக்கவில்லை என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அதை அப்படியே எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருத்துவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அவருக்குப் பக்கத்தில் ஒரு கிராண்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், நம் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? ஆனாலும் பதிலை உடனே காட்டுகிற இயந்திரம் தேடலைக் கெடுக்கும் என்ற பயம் நியாயமானது. மாமாவின் பழைய பெட்டி பதிலைச் சொல்லாது, ஆட மட்டும் செய்யும். இந்த ஒரு காரணத்துக்காகவே அது நல்லது. போனில் பிள்ளைகள் ஒரு நிமிட ஆட்டங்களில் மாட்டிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். உண்மையான பலகையில் காயைத் தூக்கி வைத்து ஆடினால்தான் கண் பழகும் என்று நான் நம்புகிறேன். ஆனால் அது என் தலைமுறையின் நம்பிக்கையாகவும் இருக்கலாம், அதன்மேல் சத்தியம் செய்ய மாட்டேன். புயல் சமயத்தில் கரண்ட் போய் செல்போன் கோபுரமும் படுத்துவிட்டால் பேட்டரியில் ஓடுகிற பெட்டி மட்டும்தான் மிஞ்சும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெட்டியைப் பாதுகாப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நம் கரையில் அதைச் சொல்லாமல் விட முடியாது. உப்புக் காற்று சைக்கிள் செயினைத் தின்கிற வேகம் உங்களுக்கே தெரியும். முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். பரணில் கிடந்த பெட்டி என்றால் பேட்டரி கசிந்து, கம்பிச் சுருளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு என்றால் பஞ்சுக் குச்சியில் இரண்டு சொட்டு வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் இன்னொரு முறை துடைத்து நன்றாகக் காய விடுங்கள். வெறும் கையால் தொட வேண்டாம். அடாப்டர் வாங்குவதானால் வோல்ட்டேஜ் மட்டும் பார்த்தால் போதாது; உள் முனை பிளஸ்ஸா மைனஸா என்று பெட்டியின் அடியில் சிறிய படம் போட்டிருக்கும், அது பெட்டிக்குப் பெட்டி மாறும். மாற்றிச் செருகினால் பெட்டி போய்விடலாம். ஆடாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

பெரும்பாலான பழைய பெட்டிகளில் காயின் அடியால் கட்டத்தை லேசாக அழுத்த வேண்டும். எடுக்கிற கட்டத்தில் ஒரு அழுத்து, வைக்கிற கட்டத்தில் ஒரு அழுத்து. கணினியின் பதிலுக்கு ஓரத்தில் இரண்டு விளக்குகள் எரியும். இரண்டும் சந்திக்கிற கட்டம் அதன் காய். கட்டங்களுக்கு அடியில் மெல்லிய தகடுகள் இருக்கின்றன. ஈரம் ஏறினால் ஏதாவது ஒரு கட்டம் ஊமையாகிவிடும். என்னிடம் இருந்த ஒன்றில் ஜி2 ஊமை. அதனால் ஒரு வருடம் முழுக்க நான் வெள்ளையில் ஜி3 ஆடியதே இல்லை. எதிர்க் காய் ஜி2-இல் வந்து வெட்டினால் அதைப் பதிவு செய்ய முடியாமல் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். தோற்கிற நிலையில் இருந்தால் அது வசதியாகவும் இருந்தது. ஆகவே பெட்டி கைக்கு வந்ததும் அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். ஓரிரண்டு ஊமை என்றால் ரேடியோ பழுது பார்க்கிறவர் திறந்து தகட்டைத் துடைத்துக் கொடுப்பார். பாதிக்கு மேல் ஊமை என்றால் செலவு செய்ய வேண்டாம், சாதாரணப் பலகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் என்று பார்த்தால், பள்ளி நாட்களில் முக்கால் மணி போதும். இரண்டு நாள் முழு ஆட்டம், ஒரு ஆட்டம்தான், அடுத்தடுத்து மூன்று அல்ல. இரண்டு நாள் இறுதிக்கட்டப் பயிற்சி. ஒரு நாள் நோட்டைப் புரட்டுவது. வார இறுதியில் போனில் மனிதர்களோடு, குறைந்தது பதினைந்து நிமிட ஆட்டம். மாதம் ஒருமுறையாவது ராமநாதபுரத்திலோ மதுரையிலோ எதிரே மனிதர் உட்காருகிற போட்டிக்குக் கூட்டிப் போங்கள். அது முடியாவிட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது. இதற்கு மாற்றாக எந்தப் பெட்டியையும் என்னால் சொல்ல முடியவில்லை.

உங்கள் கணவர் விசைப்படகில் போகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் அவர் கரையில்தான் இருப்பார். மகளுக்கும் கோடை விடுமுறை. காய்கள் எப்படி நகரும் என்று அவருக்கு மகளே இரண்டு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பிறகு தினமும் ஒரு ஆட்டம். அவர் மோசமாக ஆடுவார், நிறையத் தப்பு செய்வார். தொட்ட காயை விட்டுவிட்டு வேறு காயை நகர்த்துவார். அவளுக்கு இப்போது இல்லாத பயிற்சி அதுதான். அவர் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். அவள் பார்க்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.